ஒற்றை ஆளும் ஒரு குண்டான் சாம்பாரும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கும் பருவத்தில், விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்குச் சற்று முன்னால் ஒரு லாரியிலிருந்து குதித்து இறங்கினேன். கால் தரையைத் தொட்டதும் வலது இடுப்பில் அப்படி ஒரு வலி. ஒற்றைக் காலில் நின்றவனை டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னாயா, டான்ஸ் ஆடிக்கினு நிக்கிற?" என்றான். நானும் சிரித்தேன். பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் கண்டமங்கலம் பக்கம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஓரிடத்தில் இருக்கப் பிடிக்காது. நெல் அறுக்கும் மெஷினோடு தஞ்சாவூர், போர்வெல் லாரியோடு ஆந்திரா, மற்ற நாட்களில் கல்யாணச் சமையல் கோஷ்டி. வேலை செய்த இடத்தில் சாப்பாடு, இடம் கிடைத்த இடத்தில் படுக்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. கால் இருந்தது, போய்க்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இடுப்பு மூட்டு தேய்ந்துபோய்விட்டது, மாற்றினால் பழையபடி நடக்கலாம் என்றார். காப்பீட்டு அட்டையை எடுத்து வரச் சொன்னார். என்னிடம் அது இல்லை. விசாரிக்கும் இடத்தில் இருந்த தம்பி பொறுமையாக விளக்கினார். அந்த அட்டை குடும்பத்துக்குக் கொடுப்பது. குடும்பம் யார் யார் என்பதை ரேஷன் கார்டுதான் சொல்லும்.

"நான் ஒத்தை ஆளுங்க, எனக்கு ஏது குடும்பம்?" என்றேன்.

"ஒத்தை ஆளும் குடும்பம்தாங்க. தனியாக் கார்டு வாங்கலாம். ஆனா வீட்டுல தனி அடுப்பு இருக்கணும். வந்து பார்ப்பாங்க."

அண்ணன் வீட்டு ரேஷன் கார்டில் என் பெயரை எப்போதோ எடுத்திருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. வராத ஆளுக்கு எத்தனை காலம் அரிசி வாங்குவார்கள்? ஆக, நடக்க வேண்டுமானால் எனக்கு ஓர் அடுப்பு வேண்டும்.

திண்டிவனத்தில் ஓர் அக்கா இட்லிக் கடை வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அங்கேதான் சாப்பிடுவேன். கடைக்குப் பின்னால் அவருக்கு வரிசையாக ஐந்து சின்ன வீடுகள். காலியாக இருந்த ஒன்றை எனக்குக் கொடுத்து, உட்கார்ந்தபடி வெங்காயம் உரித்து, காய் நறுக்கிக் கொடுத்தால் வாடகை வேண்டாம் என்றார். ஒழுங்காகக் குடியிருந்தேன். ரேஷன் கார்டுக்கு விண்ணப்பமும் போட்டாயிற்று. சாப்பாடு மட்டும் அக்காவின் கடையில்.

ஒரு நாள் காலையில் அக்கா வேகமாக வந்தார். "நாளைக்கு ரேஷன் ஆபீஸ் மேடம் வூட்டைப் பார்க்க வர்றாங்களாம். கடையில துன்றவனுக்கு எதுக்குக் கார்டுன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"அடுப்பு ஒண்ணு வாங்கி வெச்சிடறேன்கா."

"வெச்சா போதுமா? பொய்யெல்லாம் வேணாம். நெசமாவே ஆக்கித் துன்னு. ஜல்தியாப் போய் வாங்கிக்கினு வா!"

சின்னதாக ஒரு கேஸ் அடுப்பு வாங்கினேன். பாத்திரங்களை அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்களே கொண்டுவந்து அடுக்கிவிட்டார்கள்.

மறுநாள் சாம்பார் வைத்தேன். அங்கேதான் வம்பு. எனக்கு ஒரு டம்ளர் பருப்பை அளந்து பழக்கமே இல்லை. கல்யாணத்தில் ஆக்கிய கை. போட்ட பருப்பு கண்ணுக்குப் பிச்சை போட்டதுபோல் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் போட்டேன். அதற்குத் தக்க புளி, புளிக்குத் தக்க தண்ணீர். பாத்திரம் போதவில்லை. அக்கா கடையிலிருந்து ஒரு குண்டானைத் தூக்கிவந்து மாற்றினேன். முருங்கைக்காய் மிதக்க, அந்த அடுப்பே தெரியாதபடி குண்டான் கொதித்துக்கொண்டிருந்தபோது மேடம் உள்ளே வந்தார்.

"இந்த வீட்டுல எத்தனை பேரு இருக்கீங்க?"

"நான் ஒருத்தன்தாங்க மேடம்."

அவர் குண்டானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஒரு தட்டை எடுத்துத் திருப்பினார். அதில் ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருந்தது. கிண்ணத்தை எடுத்தார். அதில் வேறொரு பெண்ணின் பெயர். சொம்பில் இன்னொன்று. கரண்டியைக்கூட அவர் விடவில்லை.

"ஒத்தை ஆளுங்கிறீங்க. இங்க நாலு பொம்பளைங்க பேரு இருக்கே?"

வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "மேடம், அது என் தட்டு!" "சொம்பு எங்க அம்மா வூட்டுச் சீருங்க!" ஒருத்தி மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல், "இந்த மூஞ்சிக்கு நாலு பொண்டாட்டியா? ஒண்ணுக்கே வழியக் காணோம்!" என்றாள்.

மேடம் சிரிக்கவில்லை. "எல்லாமே இரவலா? அப்ப இது குடித்தனம் மாதிரி தெரியலையே. நான் எப்படி எழுதறது?" என்று கையிலிருந்த செல்போனை அணைத்துப் பைக்குள் வைத்தார்.

கைக்கு எட்டிய கால் நழுவிப் போவதுபோல் இருந்தது. "மேடம், அடுப்பு என்னோடதுங்க. நான்தான் ஆக்கினேன். ஒருத்தனுக்கு ஆக்கத் தெரியல, அதான் பேஜாராப் போச்சு" என்றேன்.

மேடம் குனிந்து அடுப்பைப் பார்த்தார். "சரி. ஒரே ஒருத்தருக்கு உப்புமா கிண்டுங்க, பார்க்கலாம்."

குண்டானை இறக்கினேன். இடுப்பு வலித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போய் ரவை டப்பாவைத் திறந்தேன். கை தானாக உள்ளே போய் அள்ளியது. அக்கா பாய்ந்துவந்து கையில் ஓர் அடி போட்டார். "ஒரு டம்ளருய்யா, ஒரு டம்ளரு! ஊருக்கா கிண்டப் போற?"

"காலுக்கு என்ன?" என்றார் மேடம். அவர் குரல் அப்போதுதான் மாறியது. சொன்னேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தபடியே, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே ஒரு ஆளுக்கு உப்புமா கிண்டினேன். கட்டி தட்டிவிட்டது. அவர் செல்போனை வெளியே எடுத்து அடுப்பைப் படம் பிடித்துக்கொண்டார்.

சாம்பார் சாப்பிட்டுப் போகச் சொல்லி எல்லோரும் கெஞ்சியும் அவர் சாப்பிடவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும் லேசாகச் சிரித்தார். "ஒரு தட்டுலயாவது உங்க பேர வெட்டி வைங்க."

அன்று சாம்பார் ஐந்து வீட்டுக்கும் போனது. மிச்சம் இட்லிக் கடைக்குப் போனது.

ரேஷன் கார்டு வந்தது. அதைக் காட்டிக் காப்பீட்டு அட்டையும் வாங்கினேன். இடுப்பு மூட்டு மாற்றி, இப்போது நன்றாக நடக்கிறேன். லாரியிலிருந்து குதிக்க மட்டும் தடை. பின்பக்கமாகத் திரும்பி, படியில் கால் வைத்து இறங்குகிறேன். டிரைவர்கள் கிண்டல் செய்யத்தான் செய்கிறார்கள். திண்டிவனம் வீட்டை விடவில்லை. மாதத்தில் பாதி நாள் ஊர் சுற்றிவிட்டு, மீதி நாள் அங்கே ஒருத்தனுக்குச் சமைத்துக்கொள்கிறேன். இன்னும் கொஞ்சம் அதிகமாகத்தான் ஆகிறது.

போகிற இடத்திலெல்லாம் என்னைப் போன்ற ஆட்களிடம், "உன் பேரு எந்தக் கார்டுல இருக்கு?" என்று கேட்கிறேன். பாதிப் பேர், லாரியடியில் நான் அன்று சிரித்ததைப் போலவே சிரிக்கிறார்கள். அடுப்பு இல்லாதவனுக்கும் இடுப்பு தேயும் என்று சொல்லி அவர்களைத் திண்டிவனத்துக்குக் கூட்டிவந்து, குடியிருக்க ஓர் இடமும் ஓர் அடுப்பும் பார்த்துக் கொடுக்கிறேன். இரண்டு பேருக்கு அப்படிக் கார்டு வந்துவிட்டது.

என் பெயர் வெட்டிய தட்டு ஒன்று இப்போது என் பையிலேயே இருக்கிறது. எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு என்று யாராவது பேசும்போது, அந்த எல்லோரில் ஒருவனாக நான் சேர்வதற்குத் தங்கள் பெயர் வெட்டிய பாத்திரங்களைக் கொண்டுவந்து அடுக்கிய அந்தப் பெண்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.