அன்று நான் குடித்திருக்கவில்லை

என் மைத்துனன் ஏழுமலையின் வலக்கண்ணை அடித்துப் பறித்தவன் நான்தான். அது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு... அன்று நான் குடித்திருக்கவில்லை!

நம்புகிறீர்களா? எப்படி நம்புவீர்கள்! அரசாங்கம் சாராயக்கடைகளை மூடிய மாதமே நான் நிறுத்திவிட்டேன். பதினோரு மாதம் ஒரு சொட்டுத் தொடவில்லை. ஆனால் கால்கள் திருந்தவில்லை. அகட்டி வைத்துத் தள்ளாடித்தான் நடந்தேன். காலையில் செய்தது மாலையில் நினைவில் இல்லை.

"குடியை விட்டது நல்லதுப்பா. ஆனா மூளையில கெட்டது கெட்டதுதான்" என்றார் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி டாக்டர்.

அதை நான் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. திருட்டுச் சாராயம் குடிக்கிறேன் என்றே எங்கள் ஊர் புதுப்பட்டினம் நினைத்தது. நினைக்கட்டும் என்று விட்டேன். குடிகாரன் நாளைக்குத் தெளிவான், கடலுக்குப் போவான். கால் போனவனுக்குக் கட்டுமரத்தில் யார் இடம் கொடுப்பார்கள்?

அன்று காலை கரையில் என் வலையைக் காணோம். "அக்கா வூட்டையே கொள்ளையடிக்கிறியாடா?" என்று ஏழுமலை மேல் பாய்ந்தேன்.

"நீதான மாமா நேத்து கிழிசல தைக்கச் சொல்லிக் குட்த்த? வூட்ல கீது" என்றான்.

எனக்கு அப்படி எதுவுமே நினைவில்லை. பொய் சொல்கிறான் என்று சத்தியமாக நம்பினேன். அதற்காகவா அடித்தேன்? இல்லை! அடுத்து அவன் சொன்னதற்காக.

"காலும் நிக்கல, புத்தியும் நிக்கல. இனிமே கட்டுமரத்துல ஏறாத மாமா. கரையிலயே குந்திகினு இரு."

உண்மையைச் சொல்லிவிட்டானே, பாவி! துடுப்பை எடுத்தேன். மண்டைக்குத்தான் குறிவைத்தேன், கை தடுமாறிக் கண்ணில் இறங்கியது. விழுந்தான். விழுந்தவனை மறுபடியும் அடித்தேன்... எலும்பு உடைந்த சத்தம் கேட்டும் அடித்தேன்! இன்னும் ஒன்று போடவேண்டும் என்று நிதானமாக யோசித்தது இந்த மனம். நாலு பேர் சேர்ந்து என்னை மணலில் அமுக்கினார்கள். எதையெதையோ மறக்கும் இந்தப் பாழும் மூளை இதை மட்டும் ஏன் மறக்கவில்லை?

பஞ்சாயத்தில், கண்ணில் கட்டோடு, அவனே கைகூப்பினான். "மாமா போதையில பண்ட்டுச்சி, வுட்ருங்க."

நான் வாய் திறக்கவில்லை. சாராயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன். சீ!

சென்ற வாரம், சொல்லியே தீருவது என்று பட்டப்பகலில் அவன் வீட்டுக்குப் போனேன். படியில் கால் பின்னி அவன் மேலேயே சாய்ந்தேன்.

"அன்னிக்கு நான் குடிக்கலடா, ஏழுமல..."

ஒற்றைக் கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தான். "இப்பவும் குடிக்கல, இல்ல?" என்று சிரித்தான். "போய்ப் படு மாமா. தெளிஞ்சதும் பேசிக்கலாம்."

"சரிடா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.