முத்துத்தாய் பொடி

பந்தல்குடி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த ரத்தினத்தின் கடையில் மளிகைச் சாமான் எல்லாமே கிடைக்கும். ஆனாலும் பெண்கள் அந்தக் கடையைத் தேடி வந்தது அவர் மனைவி முத்துத்தாயின் சீயக்காய்ப் பொடிக்காகத்தான். தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிப் போகிற டிரைவர்கள்கூட, வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்று லாரியை ஓரங்கட்டி விட்டு வந்து வாங்கிப் போவார்கள்.

பொடியில் ரகசியம் ஒன்றும் கிடையாது. எட்டுப் படி சீயக்காய்க்கு ஒரு படி பச்சைப்பயறு, அரைப்படி வெந்தயம், வாசனைக்கு இரண்டு கைப்பிடி பூலாங்கிழங்கு, கரட்டுமேட்டோரம் பறித்துக் காயவைத்த ஆவாரம்பூ இரண்டு படி. அளந்து போடுவது ரத்தினம். சைக்கிளில் மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வருவதும் அவர்தான். முத்துத்தாய் சலித்து டின்னில் அடைப்பாள்.

விற்பது மட்டும் முழுக்க அவள் பாடு. கேட்டவுடன் நிறுத்துக் கொடுத்துவிட மாட்டாள். வந்தவளின் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவாள்.

"தேச்சு மோந்து பாருங்க மதினி. மொதல்ல ஆவாரம்பூ வருதா? கொஞ்சம் பொறுங்க, பின்னாடியே கெழங்கு வரும்."

"ஆமா, நீ கூப்பிட்டா பஸ்ஸு மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா வருது" என்று கேலி பேசிக்கொண்டே கண்ணை மூடி முகர்வார்கள்.

எண்பத்து நாலு ஐப்பசியில் மஞ்சள்காமாலை கண்டது. பதினோரு நாளில் முத்துத்தாய் போய்விட்டாள். மகள் சுகப்பிரியாவுக்கு அப்போது ஒன்பது வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ரத்தினம் கடையைத் திறந்தார். பள்ளிக்கூடத்து கோகிலாம்பாள் டீச்சர் கால் கிலோ பொடி வாங்கிப் போனார். அடுத்த வாரம் வந்தவர், பணத்தை நீட்டிக்கொண்டே தயங்கினார்.

"தப்பா நெனைக்காதீக அண்ணாச்சி. பொடி பழைய மாதிரி இல்ல. அவுக கைவாசம் இதுல இல்லையே."

அது முத்துத்தாய் படுக்கையில் விழுவதற்கு முந்தின வாரம் தன் கையால் சலித்து அடைத்துவைத்த பொடி.

ரத்தினம் அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிடுவார், கடைமுன் கூட்டம் கூடும், செத்தவளை வைத்து வியாபாரம் பேசியது போல ஆகும் என்று நினைத்தார்.

"அடுத்த அரைப்புல சரிபண்ணிர்றேன் டீச்சர்" என்றார்.

சொன்னதுதான் தாமதம், இல்லாத குறை இருக்கிற குறையாகிவிட்டது. அந்த மாதமே நாலைந்து பேர் அதையே சொன்னார்கள். ரத்தினம் பொட்டலத்தை மடித்து மேசைமேல் வைப்பார். அவ்வளவுதான். ஊரார் வீட்டுப் பெண்கள் உள்ளங்கையில் சிட்டிகை வைக்க ஓர் ஆம்பிளையால் ஆகுமா? எதை முகர வேண்டும், எது முதலில் வரும் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. பொட்டலத்தைப் பிரித்தவர்கள் அவளைத் தேடினார்கள். அவள் அதில் இல்லை.

அடுத்த அரைப்பில் பூலாங்கிழங்கைக் கூட்டினார். "தேவலை" என்றார்கள். அதற்கடுத்து வெட்டிவேர் சேர்த்தார். ஒருத்தி, அவுக பொடியில் இனிப்பாக ஒரு வாசம் வருமே என்றாள். அருப்புக்கோட்டை நாட்டு மருந்துக் கடையில் ரோஜா இதழ் வாங்கி வந்தார். இன்னொருத்தி சந்தன வாசம் என்றாள். அதையும் போட்டார். முத்துத்தாய் சந்தனம் பூசிக் குளிக்கிறவள், மல்லிகை வைக்கிறவள், வெற்றிலை போடுகிறவள். ஆளுக்கு ஒன்று ஞாபகம் இருந்தது. எல்லாவற்றையும் பொடியில்தான் முகர்ந்ததாக நம்பினார்கள். ஆவாரம்பூ வாசம் மற்றதை அமுக்குகிறது என்று அதைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் நிறுத்தியே விட்டார்.

கடைகளில் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கத் தொடங்கிய காலத்தில் ஒருநாள் டீச்சர் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்துவிட்டு அப்படியே நின்றார்.

"இதுதான் அண்ணாச்சி. அவுக பொடி. அப்படியே இருக்கு."

ரத்தினம் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அருப்புக்கோட்டையில் அச்சடித்து, உறையில் 'முத்துத்தாய் பொடி' என்று பெயர் போட்டார்.

தொண்ணூற்றைந்து தையில் சுகப்பிரியாவுக்கு மல்லாங்கிணற்று மாப்பிள்ளையோடு கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத் தலைமுழுக்குக்காவது மகளுக்கு அவள் அம்மாவின் அசல் பொடி கிடைக்க வேண்டும் என்று ரத்தினம் ஆசைப்பட்டார். பத்து வருஷமாக யாரிடமும் சொல்லாத ஆசை. அளவு அவருக்கு மறக்கவில்லை. கரட்டோரம் நடந்து ஆவாரம்பூ பறித்தார். படியால் அளந்து, மில்லில் அரைத்து, தானே சலித்தார். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் நனைத்துத் தேய்த்தார்.

முத்துத்தாய் வருவாள் என்று நின்றார்.

பூ வாசம் வந்தது. கிழங்கு வாசம் வந்தது. அவள் வரவில்லை. வேறு யாரோ ஊர்பேர் தெரியாதவர் கடைச் சரக்கு போல இருந்தது. அளவு தப்பிவிட்டதோ என்று மறுபடி எண்ணிப் பார்த்தார். தப்பவில்லை. கடை டின்னைத் திறந்து, தான் இட்டுக்கட்டிய பொடியை முகர்ந்தார். மூச்சு உள்ளே போவதற்குள் வளையல் சத்தத்தோடு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த வாசனையை முத்துத்தாய் தன் ஆயுளில் ஒரு நாளும் முகர்ந்ததில்லை.

மகளைக் கூப்பிட்டார். அவள் வலது உள்ளங்கையில் அசல் பொடியையும் இடதில் கடைப் பொடியையும் வைத்தார்.

"எதுத்தா உங்கம்மா பொடி?"

சுகப்பிரியா வலது கையை முகர்ந்து மூக்கைச் சுளித்தாள். "இது என்னப்பா, ஆட்டுக்குத் தழை ஒடிச்ச கை மாதிரி நாறுது. எவன் ஒங்க தலையில கட்டுனான்?" இடது கையை முகர்ந்தாள். கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"இதுதாம்ப்பா."

உண்மையைச் சொன்னால் அவளிடம் மிச்சமிருக்கிற அம்மாவும் போய்விடுவாள்.

"ஆமாத்தா, அதேதான்."

கல்யாணத்தன்று காலை கிணற்றடியில் சொந்தக்காரப் பெண்கள் சுகப்பிரியாவின் தலையில் கடைப் பொடியைத் தேய்த்தார்கள். வாசனை வாசல்வரை வந்தது. "முத்துத்தாயே வந்து நிக்கிற மாதிரி இருக்குல்ல" என்றார் டீச்சர். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ரத்தினமும் பார்த்தார்.

மகள் மல்லாங்கிணறு போன பிறகு, மிஞ்சிய அசல் பொடியைச் சனிக்கிழமை தோறும் தன் தலைக்குத் தேய்த்துக் குளித்தார். முதல் வாரம் யாரோ அந்நியப் பெண் தலையைத் தொடுவது போலக் கூசியது. மூன்றாவது வாரம் அவ்வளவு கூச்சமில்லை. நாலாவது வாரம் தலை துவட்டும்போது, கடை டின்னில் இருக்கிறவளின் முகம் ஒரு கணம் தெளிவாக வரவில்லை.

துண்டோடு ஓடிப்போய் டின்னைத் திறந்து முகர்ந்தார். இருந்தாள்.

மீதிப் பொடியைக் கிணற்றடி வாய்க்காலில் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவி விட்டார். அந்த அளவில் அவர் பிறகு அரைக்கவே இல்லை.