வறுத்த தூள் மணக்கும் பிரெஞ்சுப் பெட்டி

அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்தால் முதலில் தும்மல்தான் வரும். உள்ளே ஒன்றுமிராது, வெறும் அட்டைதான். ஆனாலும் வறுத்த மிளகாய்த்தூளின் காரம் அட்டையின் மடிப்புகளுக்குள் போய்க் குந்திக்கொண்டு, இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எழும்பிப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். வெளியே நீலக் கடல், வெள்ளைக் கப்பல், கப்பலின் முனையில் காதை விறைத்துக்கொண்டு நிற்கும் ஒரு நாய், மேலே பிரெஞ்சு எழுத்தில் ‘மார்கோ’ என்ற பெயர். பக்கவாட்டில் நீலப் பேனாவால், தமிழில், ‘வறுத்த தூள், ஹேர்னிங்’ என்று எழுதியிருக்கும். பழைய விளையாட்டுச் சாமான் சேர்ப்பவர்கள் பெட்டிகளுக்குத் தரம் போடும் முறைப்படி பார்த்தால் இது குப்பைக்குப் போகவேண்டியது. நானும் சேர்ப்பவள்தான். அந்த முறை எனக்கும் நன்றாகத் தெரியும், ஆனால் இந்தப் பெட்டி விஷயத்தில் அதை நான் ஒருநாளும் மதித்ததில்லை.

நான் பிறந்து வளர்ந்தது டென்மார்க்கில், ஹேர்னிங் என்ற ஊரில். அப்பாவுக்குத் துணி ஆலையில் வேலை, அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில். அவர்களுடைய உடன்பிறப்புகள் ஐரோப்பா முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள்: சித்தப்பா ஜெர்மனியில், அத்தை லண்டனில், அம்மாவின் அண்ணனான என் மாமா பாரிஸில். பெரியவர்களுக்கு இந்தச் சிதறல் பெருங்கவலை. சின்னப்பிள்ளையான எனக்கோ அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இருக்க முடியாது. ஏனென்றால் ஒரே கம்பெனி ஒரே விளையாட்டுக் கப்பலை நாட்டுக்கு நாடு வேறு வேறு கோலத்தில் விற்ற காலம் அது. டென்மார்க் கடையில் அது செம்மஞ்சள் நிறத்தில், கூட ஒரு கடற்காகத்தோடு வரும். பெட்டியில் டேனிஷ், சுவீடிஷ், நோர்வீஜியன், பின்னிஷ் என்று நான்கு மொழிகள் முண்டியடித்ததில் கப்பலின் படத்துக்கே இடம் காணாது. ஜெர்மன் பெட்டியில் ஒரே மொழிதான், ஆனால் எச்சரிக்கை வாசகங்கள் படத்தைவிடப் பெரிது. லண்டனில் பெட்டியே கிடையாது, கடைக் கொக்கியில் தொங்கவிடும் அட்டையில் கண்ணாடித்தாள் மூடியோடு ஒட்டியிருக்கும். பிரான்சில் மட்டும்தான் வெள்ளை நிறமும் நாயும் பெண்பெயரும். இந்த வித்தியாசங்களை அறிந்துகொள்ள இன்றைக்குச் சேர்ப்பவர்கள் தலைகீழாக நிற்கிறார்கள். எனக்கு அது கோடை விடுமுறையில் சொந்தக்காரரின் ‘வான்’ வண்டி வாசலில் வந்து நின்றதும் தன்பாட்டில் கிடைத்த அறிவு.

ஒரேயொரு குறை, பெட்டி வராது. பாரிஸிலிருந்து வரும் வானில் சாமானுக்குத்தான் முதலிடம்: முருங்கைக்காய், கத்தரிக்காய், கருவாடு, ஒடியல் மா, யாரோ யாருக்கோ கொடுத்துவிட்ட சேலைப் பொட்டலம். மிச்சமிருக்கும் இடத்தில்தான் ஆட்கள் இருக்கலாம். ஆகவே புறப்படுவதற்கு முதல்நாள் மாமா எல்லாப் பெட்டிகளையும் பிரித்து, உள்ளே இருப்பதை மட்டும் எடுத்து, இடுப்பில் கட்டும் சாரத்தில் சுற்றி இடுக்குகளுக்குள் செருகிவிடுவார். கேட்டால், “பெட்டிக்குள்ள பாதி காத்துப் பிள்ளை. உவ்வளவு தூரம் காத்தையோ காவிக்கொண்டு வாறது?” என்பார். எங்கள் சொந்தத்தில் எல்லா மாமாக்களும் சித்தப்பாக்களும் இதையே செய்தார்கள். ஐரோப்பிய எல்லைகளைத் தாண்டி அந்த வருடங்களில் எத்தனை அருமையான விளையாட்டுச் சாமான்கள் சாரத்துக்குள் சுற்றப்பட்டுப் பெட்டியில்லாமல் பயணம் செய்தன என்று நினைத்தால் சேர்ப்பவளாகிய எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

மார்கோவும் மாமாவின் கட்டம்போட்ட சாரத்துக்குள்ளிருந்துதான் வெளியே வந்தாள். வெள்ளை வெளேரென்று, நீலக் கோடு போட்டு, நாயோடு. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. விடுமுறை முடிந்ததும், பள்ளிக்கூடம் விட்டபின் பிள்ளைகளை வைத்திருக்கும் ‘ஃப்ரிதிட்ஸ்யெம்’முக்கு அவளைக் கொண்டுபோனேன், வெள்ளிக்கிழமைகளில் அங்கே வீட்டு விளையாட்டுச் சாமான் கொண்டுபோகலாம். என் வகுப்பு மிக்கெலிடம் அதே கப்பல் செம்மஞ்சளில் இருந்தது. அவன் என்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஃபல்ஸ்க்” என்றான். போலி என்று அர்த்தம். நிறம் பிழை, பெயர் பிழை, கடற்காகம் இருக்கவேண்டிய இடத்தில் நாய். அடியில் பதித்திருந்த கம்பெனி முத்திரையைக் காட்டினேன். போலிக்காரர்கள் அதையும்தான் அடிப்பார்கள் என்றான். பெட்டி எங்கே என்று கேட்டான். அவன் என் கப்பலைச் சொன்னதாக எனக்குப் படவில்லை. என் மாமாவை, அவர் எனக்காகத் தேடி வாங்கிக்கொண்டு வந்ததை, எங்கள் வீட்டையே போலி என்று சொன்னதாகப் பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வழக்கம்போலப் பாரிஸுக்குப் போன் எடுத்தபோது ரிசீவரைப் பறித்து, பெட்டி வேண்டும் என்று அழுதேன். மாமா ரிசீவரை மாமியிடம் கொடுத்துவிட்டார். மாமி நிதானமான மனுசி. “அழாதையணை. நல்ல மொத்தமான மட்டை, நான் எறியேல்லை. அதுக்குள்ள பையோட தூள் போட்டு வச்சிருக்கிறன். வரேக்க கொண்டு வாறன்” என்றார். நல்ல பெட்டியை எறிய எங்கள் பெண்களுக்கு மனம் வராது என்பதை அன்றுதான் கடவுளின் கருணையாக உணர்ந்தேன்.

அடுத்த கோடை வரைக்கும் மார்கோ வீட்டை விட்டு வெளியே போகவில்லை. மாமி சொன்ன சொல் தவறவில்லை. வான் வந்து நின்றதும் முதல் ஆளாக இறங்கி, மடியில் வைத்துக்கொண்டே வந்த பெட்டியை நீட்டினார். ஆனால் மாமாவின் சட்டம் மாமாவின் சட்டம்தான், வெறும் பெட்டி வானில் ஏறாது. ஆகவே அதற்குள் அம்மாவுக்கென்று புதிதாய் வறுத்து இடித்த தூளை நிரப்பி, வேறு ஊர்ப் பொட்டலங்களோடு மாறிப்போகாமல் இருக்க ஹேர்னிங் என்று பக்கத்தில் எழுதியும் விட்டிருந்தார். பாதி வழியில் பை வெடித்துத் தூள் எல்லாம் அட்டையில் அப்பிவிட்டது. அம்மா மிச்சத்தைப் போத்தலில் கொட்டிக்கொண்டு பெட்டியை என்னிடம் தந்தார். விடுமுறை முடிந்த முதல் வெள்ளிக்கிழமை அதை மிக்கெலின் முகத்துக்கு நேரே திறந்தேன். அவன் தும்மினான், என்னவென்று பார்க்க வந்த, எங்களுக்குப் பொறுப்பான கீர்ஸ்டனும் தும்மினாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே அவனுடைய பெட்டியையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அதே முத்திரை, அதே இலக்கம், வேறு நாடு. ஒரு பின்னேரத்துக்கு நாயைத் தந்தால் கடற்காகத்தைத் தருவதாக மிக்கெல் சொன்னான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இந்தத் துறையில் என்னை இப்போது யாரும் அசைக்க முடியாது. பெட்டியின் மடிப்பைப் பார்த்தே எந்த நாட்டுக் கடைக்குப் போனது என்று சொல்லுவேன். போன வருடம் ரண்டர்ஸில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் சேர்ப்பவர்களின் சந்தை நடந்தபோது மார்கோவையும் பெட்டியையும் பார்வைக்கு மட்டும் வைத்திருந்தேன். ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஒருவர் மேசையை விட்டு நகரவில்லை. நாய் கப்பலின் முனையில் நிற்கும் பெட்டி முதல் வெளியீட்டுக்கு மட்டும் வந்தது, பிறகு நாயைப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். அது அவருக்கும் தெரிந்திருந்தது. கையெழுத்தைக் காட்டி, இந்தக் கறையை எடுக்கத் தெரிந்த ஆள் தன்னிடம் இருக்கிறார், எடுத்தால் பெட்டி புதுசாகிவிடும், கேட்டதைத் தருகிறேன் என்றார். கறையாம். எனக்கு வந்த கோபத்தில் பெட்டியைத் தூக்கிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இந்தப் பனிக்காலத்தில் மாமி போய்ச் சேர்ந்தார். மாமாவைத் தங்களோடு வைத்துக்கொள்வதற்காகப் பிள்ளைகள் அவர்கள் இருவரும் இருந்த வீட்டை அவசரமாகக் காலி செய்து கொடுக்கவேண்டி வந்தது. கொஞ்ச நாள் கழித்து மாமாவின் மகன் சுதன் போன் எடுத்தான். அவனுக்கு டேனிஷ் தெரியாது, எனக்குப் பிரெஞ்சு தெரியாது. வான் வந்த காலத்துத் தமிழில்தான் இன்றைக்கும் கதைக்கிறோம். “மச்சாள், வீடு முழுக்கத் தேடிப்போட்டன். அம்மான்ர கையெழுத்து எண்டு ஒரு துண்டும் இல்லை. கடைசிக் காலத்தில எல்லாம் குரல் மெசேஜ்தானே. உங்கட பெட்டியில இருக்கெல்லே, அதை ஒரு படம் எடுத்து அனுப்புவியளோ?” என்றான்.

படம் எடுத்தேன். அனுப்பப் போகும்போது அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘வறுத்த’ என்பதில் றகரத்தின் கால் நீண்டு, வான் புறப்படப்போகும் அவசரத்தோடு வளைந்திருந்தது. எனக்குப் பெட்டி வேண்டியிருந்தபோது அதை எறியாமல் வைத்திருந்தவர் அவர். அவருடைய பிள்ளைக்கு நான் படத்தையா அனுப்புவது?

ஈஸ்டர் விடுமுறைக்குக் காரில் பாரிஸுக்குப் புறப்பட்டேன். வெறும் பெட்டியாகக் கொண்டுபோக மனம் வரவில்லை. அம்மாவிடம் பக்குவம் கேட்டு, மல்லியும் மிளகாயும் வறுத்து, வீட்டுப் புகை மணியை இரண்டு தடவை அலறவிட்டு, இந்தமுறை நல்ல தடித்த பையில் போட்டு நிரப்பிக்கொண்டேன். சுதன் வீட்டில் மாமா யன்னலோரக் கதிரையில் இருந்தார். கையிலிருந்ததைக் கண்டதும், “என்ன பிள்ளை, வெறும் பெட்டியோ?” என்றார். “காத்தைக் காவுற ஆக்களோ மாமா நாங்கள்?” என்றேன். சுதன் மூடியைத் திறந்து தும்மினான். தும்மிவிட்டுச் சிரித்தான், பிறகு பெட்டியைச் சாய்த்துத் தாயின் எழுத்தைப் பெருவிரலால் தடவினான். மாமா அதைத் தன் கையில் வாங்கி, உரத்து வாசித்தார். பிறகு மடியிலேயே வைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் ஐரோப்பா முழுவதற்கும் ஒரே பெட்டிதான். அடியில் எறும்பு எழுத்தில் இருபத்துச்சொச்சம் மொழிகள். பாரிஸிலும் ஹேர்னிங்கிலும் அதே நிறம், அதே பெயர். சொந்தக்காரரும் பையும் கையுமாக விமானத்தில் வந்து போகிறார்கள், சாரத்தைப் பிரித்து என்ன வருகிறது என்று பார்க்க வாசலில் நிற்கும் பிள்ளைகள் இல்லை. அது போனது எனக்குக் கவலைதான், மறைக்கவில்லை. மார்கோ முதன்முதலில் வந்த கோலத்திலேயே, பெட்டியில்லாமல், என் வீட்டுத் தட்டில் நிற்கிறாள். பெட்டியில்லாவிட்டால் மதிப்பில்லை என்று நீங்களே சொல்லுவீர்களே என்று என் மகள் டேனிஷில் கேட்கிறாள். போலி என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு இப்போது என்னிடம் ஒன்றுமில்லை, சொல்லிவிட்டுப் போகட்டும்.

நேற்று சுதன் மறுபடியும் போன் எடுத்தான். தூள் முடிந்துவிட்டதாம், பெட்டி வெறுமனே இருப்பதை மாமா விடுகிறாரில்லையாம். நான் மிளகாய் வாங்கி வைத்திருக்கிறேன்.