சுறா எண்ணெய் விட்ட கார்

போன கிழமை கனடாவிலிருந்து அண்ணையின் மகன் போன் எடுத்தான். பழைய இங்கிலாந்துக் கார் ஒன்று வாங்கியிருக்கிறானாம். எங்கள் ஐயா, அவனுடைய அப்பப்பா, வைத்திருந்த அதே மாதிரி.

"சித்தப்பா, கியர்பெட்டிக்கு என்ன ஒயில் விடுறது? ஆளாளுக்கு ஒண்டு சொல்லுறாங்கள்."

"எஞ்சினுக்கு விடுற முப்பதாம் நம்பர்தான். தடிப்பு ஒயில் விடாதை" என்றேன்.

போனை வைத்த பிறகு மூக்கில் சுறா எண்ணெய் மணந்தது. வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. அந்த மணம் உங்களுக்குத் தெரியாவிட்டால் நல்லது.

ஐயா தெற்கில் கடை வைத்திருந்தவர். இனக் கலவரத்தில் கடை எரிந்தது. எங்கள் தீவு வேலணைக்கு அவர் கொண்டுவந்து சேர்த்தது உடுத்த வேட்டியும் அந்தக் காரும்தான். கடையைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை. காலையில் திருநீறு பூசினால் விரலில் மிஞ்சியதைக் காருக்கும் பூசுவார். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. அந்தக் காரை வாடகைக்கு ஓட்டினேன். யார் ஏறினாலும் முன் சீற் ஐயாவுக்குத்தான்.

பிறகு இறக்குமதி நின்று சாமான் தட்டுப்பாடு வந்தது. ஒயில் எஞ்சினுக்கே காணாது. கியர்பெட்டியோ ஒழுகும். அது காய்ந்து கத்தத் தொடங்கியது. ஒயில் வரும்வரை நிற்பாட்டி வைப்போம் என்றேன்.

"நிண்டால் அது கார் இல்லை. கோழிக்கூடு" என்றார் ஐயா.

ஊர்காவற்றுறையில் சூசை அண்ணை வள்ளம் வைத்திருந்தவர். பலகைக்குப் பூசுகிற சுறா எண்ணெயில் ஒரு போத்தல் தந்தார்.

"வருசக்கணக்காய்க் கடலுக்கையே நிக்குது வள்ளம். உம்மடை பெட்டிக்கு இது காணாதோ?"

ஐயா சுத்த சைவம். மீன் கழுவின தண்ணீர் ஊற்றிய பக்கமும் போகார். போத்தலைக் கனநேரம் பார்த்தார். "விடு" என்றார்.

சத்தம் நின்றது. மணம் தொடங்கியது. கோயிலுக்கும் கலியாணத்துக்கும் ஒருவரும் கூப்பிடவில்லை. சந்தியில் பஸ்காரன் எட்டிக் கேட்பான்: "அண்ணை, உள்ளுக்கை ஐயாவோ, கருவாடோ?" நானும் சிரித்துவிட்டேன். ஐயா நெற்றி நிறைய நீறோடு நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மத்தியானம் யாழ்ப்பாணம் போகிற பண்ணைத் தாம்போதி ரோட்டில் கியர் விழவில்லை. இரண்டு பக்கமும் கடல். ஐயா இறங்க மாட்டேன் என்றார். அவரை உள்ளே வைத்தே நானும் வழியில் வந்தவர்களுமாய்த் தள்ளினோம்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே பிசின். பற்சில்லுகள் வார்னிஷ் அடித்தது போல ஒட்டிக் கிடந்தன. ஒன்றில் பல்லும் உடைந்திருந்தது. பலகையில் காய்ந்து இறுகுவதால்தான் அதை வள்ளத்துக்குப் பூசுவார்கள். அந்த யோசனை ஒருவருக்கும் வரவில்லை, சூசை அண்ணைக்குக்கூட. மாற்றச் சில்லு கிடைக்கவில்லை. பெட்டியைத் திரும்பப் பூட்டினேன்.

கார் வேலியோரம் நின்றது. கோழிகள் ஏறின. ஐயா கலைப்பார். பிறகு கலைப்பதையும் விட்டுவிட்டார்.

தட்டுப்பாடு நீங்கி யாழ்ப்பாணக் கடைகளில் ஒயில் வந்தபோது ஒரு டின் வாங்கிவரச் சொன்னார்.

"ஐயா, அது இனி ஓடாது."

"ஓடாட்டி என்ன? மச்ச எண்ணெயோடையே விடுறதோ?"

விட்டேன். பக்கத்தில் நின்று பார்த்தார். ஒயில் ஒழுகி மண்ணில் ஊறியது. அந்த மாரியில் ஐயா போய்விட்டார்.

பிறகு சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது காரும் இல்லை, வேலியும் இல்லை. கார் நின்ற இடத்தில் கறுப்பாய் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. கனகாலம் அதில் புல் முளைக்கவில்லை.

போன் வந்த அன்று பின்னேரம் போய்ப் பார்த்தேன். புல் முளைத்துவிட்டது. எது அந்த இடமென்று தெரியவில்லை.