காட்டுக்குள் எமில் பிடிக்கச் சொன்ன சண்டை

எமில் இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை என் அலுவலகத்து அன்சரிங் மெஷினில் கிடந்தது. குரல் நவம் என்ற பொடியனுடையது. "அண்ணை, எமில் அண்ணை மோசம் போயிட்டார்" என்று மட்டும் சொல்லியிருந்தான். அதன்பிறகு அரை நிமிடத்துக்கு வெறும் மூச்சுச் சத்தம் பதிவாகியிருந்தது. இரண்டாவது ஆள் சொல்லும்வரை எதையும் நம்பாதது பத்திரிகைக்காரனான என் தொழிற்பழக்கம். ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பகுதியில் அவர் வேலை செய்த கராஜுக்கு அழைத்துக் கேட்டேன். உண்மைதான். திங்கள் பின்னேரம் ஒரு வானுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தாறு.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பழுதான வாகனங்களை இழுத்துவரும் ரோ ட்ரக்கின் சாரதியாக, ஞாயிறு பூசைக்குக் கடைசியாக வந்து கடைசி வாங்கில் இருப்பவராக, ஓயாமல் கதைப்பவராகத் தெரியும். மன்னார்ப் பக்கத்து ஆள். அங்கே வள்ளங்களின் இயந்திரங்களைத் திருத்தியவர். நானும் அவரும் ஏறத்தாழ ஒரே வயது. என்னை அவர் "ஐசே" என்றுதான் கூப்பிடுவார்.

முதன்முதலில் அவரைச் சந்தித்தது 401 நெடுஞ்சாலையில், அஜக்ஸ் நகருக்குச் சற்று முன்னால். பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் கார் ஓரத்தில் நின்றுபோயிருந்தது. ரோ ட்ரக்கில் இருந்து இறங்கியவர் காரைப் பார்க்கவில்லை. பார வாகனங்கள் எங்களை உரசுவதுபோல் போய்க்கொண்டிருந்த பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். "முதல்லை ட்ரக்குக்குள்ளை ஏறும் ஐசே. கார் எங்கையும் ஓடாது" என்றார். பிறகு, ஏறி இருந்து என் தொழிலைக் கேட்டறிந்ததும், "நீர் பேப்பர்காரன் எண்டால் ஒண்டு சொல்லும். இந்த நாட்டிலை ஏன் எல்லாரும் வாகனத்துக்குப் பக்கத்திலை நிண்டு சாகினம்?" என்று கேட்டார். வீடு வரும்வரை அவர்தான் கதைத்தார்.

நான் எழுத வந்தது மூன்று வருடங்களுக்கு முன், நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றைப் பற்றி. அன்று என்னோடு நின்றவர்களைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது.

அன்று காலை கராஜில் என் காரின் பிரேக் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பத்தேமுக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. குகன். தொழிற்சாலையில் வேலை செய்யும் பொடியன், ஒரு மாதத்துக்கு முன்தான் பழைய ஜீப் ஒன்று வாங்கியிருந்தான். கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர்கள் வடக்கே, இரண்டரை மணித்தியாலத் தூரத்தில், காட்டுக்குள் ஜீப் ஓட்ட ஒரு பாதை இருப்பதாகக் கோடையில் சொல்லியிருந்தார்கள். குகன் நவம்பரில் போயிருக்கிறான், தன் அறைத் தோழன் நவத்தையும் கூட்டிக்கொண்டு. சேற்றுப் பள்ளத்தில் விழுந்து ஜீப்பின் முன் அச்சு முறிந்துவிட்டது. தள்ளப்போன நவத்தின் கணுக்கால் சுளுக்கி வீங்கிவிட்டது. அவனை ஜீப்போடு இருத்திவிட்டு, குகன் நடந்துவந்து நெடுஞ்சாலைக் கடையொன்றில் இருந்து அழைத்திருந்தான்.

எமில் என்ன உடைந்தது என்று கேட்கவில்லை. "நவம் என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறான்?" என்று கேட்டார்.

மறுமுனையில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. எமில் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

"மண்ணிறமோ. சரி. நீ அந்தக் கடையிலையே நில். திருப்பி உள்ளுக்கை போகாதை. விளங்குதே?"

தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மான் வேட்டைக் காலம் ஐசே. காடு முழுக்கத் துவக்கோடை வேட்டைக்காரர். மண்ணிறச் சட்டையோடை ஒருத்தன் உள்ளுக்கை இருக்கிறான்." வருடாவருடம் நவம்பரில் வேட்டைக்காரர்களின் வாகனங்களை இழுத்தவர் என்பதால் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த நாட்களில் காட்டுக்குள் போகிறவன் தூரத்தில் இருந்தே தெரியும்படி செம்மஞ்சள் உடுப்புப் போட வேண்டும். எனக்கோ குகனுக்கோ அது தெரியாது. கனடாவுக்கு வந்து எட்டு மாதமேயான நவத்துக்குத் தெரிய வழியில்லை.

நானும் ட்ரக்கில் ஏறினேன். வழக்கமாக வாய் மூடாதவர், வழி முழுக்க ஒரு சொல்லும் பேசவில்லை. எனக்கு முதற்பயம் வந்தது அந்த மௌனத்தில்தான்.

குகனை ஏற்றிக்கொண்டு பாதை தொடங்கும் இடத்துக்கு வரும்போது இரண்டு மணியாகப் பத்து நிமிடம் இருந்தது. ஐந்து மணிக்கு இருட்டிவிடும். எமில் ட்ரக்கை வீதியோரத்தில் நிறுத்தினார். "காலாலை பாக்காத பாதையிலை சில்லு விடமாட்டன்" என்றார். நடந்து பார்க்காத பாதையில் வண்டியை விடுவதில்லை என்பது அவருடைய மாறாத சட்டம். ட்ரக்கில் இரண்டு செம்மஞ்சள் மேலங்கிகள்தான் இருந்தன. ஒன்றை எனக்கும் மற்றதைக் குகனுக்கும் தந்தார். உங்களுக்கு என்று கேட்டேன். "எனக்கு என்ரை வாய் காணும்" என்றார்.

பத்து நிமிடம் நடந்திருப்போம். வெடிச் சத்தம் கேட்டது. ஒன்று, சற்று இடைவெளி விட்டு இன்னொன்று. எங்களுக்கு வலப்பக்கம், அவ்வளவு தூரத்தில் அல்ல.

அடுத்து நான் அறிந்தது என் வாய்க்குள் பைன் இலைகள் இருந்ததைத்தான். எப்போது விழுந்தேன் என்று தெரியாது. என் இடப்பக்கம் குகன் தலையைக் கைகளால் மூடியபடி கிடந்தான். எமிலும் கிடந்தார். ஊரை விட்டு வந்து பத்து வருடமாகியிருந்தது எனக்கு. உடம்பு இன்னும் அங்கிருந்து வந்திருக்கவில்லை. மூச்சுவிடும் சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எழும்பியவர் எமில்.

"எழும்புங்கோ. இஞ்ச சுடுறவன் ஆளைத் தேடேல்லை. மானைத் தேடுறான். மான் மாதிரிப் படுத்துக் கிடக்காதேங்கோ."

நான் எழும்பினேன். எழும்பியபோதுதான் நவத்தைப் பற்றிய முழுப் பயமும் வந்தது. எங்களைப் போலவே அவனும் படுத்திருப்பான். எங்களை விட நன்றாக ஒளித்திருப்பான்.

ஜீப் பள்ளத்துக்குள் மூக்குக் குத்திக் கிடந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. குகன் "நவம், நவம்" என்று இரண்டு முறை கத்தினான். ஒரு பதிலும் இல்லை. மூன்றாம் முறை வாய் திறந்தவனின் தோளை எமில் பிடித்தார்.

"பேர் சொல்லிக் கூப்பிடாதை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் வரமாட்டான். நீ வருவியே?"

நானும் வந்திருக்க மாட்டேன். கூப்பிடுகிறவனின் முதுகில் யாருடைய துவக்கு இருக்கிறது என்று தெரியாத ஊரில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

எமில் ஜீப்பின் ரயரில் கையை வைத்தபடி காட்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சண்டை பிடிப்பம்."

"என்ன?"

"சண்டை ஐசே. தமிழிலை. பலமா. ஆளைப் பிடிக்க வாறவங்கள் தங்களுக்கை சண்டை பிடிச்சுக்கொண்டு வரமாட்டாங்கள்." சொல்லிமுடித்த கையோடு குகன் பக்கம் திரும்பினார். "டேய், காலமை தேத்தண்ணிப் பிளாஸ்க் கொண்டு வந்தனீ எண்டாய். எங்கையடா அது?"

"ஜீப்பிலைதான் அண்ணை வச்சனான்."

"ஜீப்பிலை எங்கை? உந்தப் பேப்பர்காரனைப் பாக்கச் சொல்லு."

நான் பார்த்தேன். "இல்லை" என்றேன்.

"பலமாச் சொல்லும். வீட்டிலை மனிசியோடையும் உப்பிடித்தான் முணுமுணுக்கிறனீரோ?"

"இல்லை எண்டுறன். பிளாஸ்கும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. உம்மடை ட்ரக்குக்குள்ளை கிடக்கிற குப்பைக்குள்ளை போய்த் தேடும்."

"என்ரை ட்ரக்கைப் பற்றிக் கதைச்சீரெண்டால் நடந்துதான் ஸ்காபரோ போவீர்."

பாதையில் மேலும் கீழுமாக நடந்தபடி கத்தினோம். என் குரல் எனக்கே வேறு யாரோ கத்துவதுபோல் கேட்டது. குகன் அழத் தொடங்கிவிட்டான். "அழாமல் சண்டை பிடியடா" என்று எமில் அதே உரத்த குரலில் அவனை ஏசினார். "ஜீப் வாங்கத் தெரியுது, ஒரு பிளாஸ்க் பாதுகாக்கத் தெரியேல்லை உனக்கு."

"வச்சனான் அண்ணை, பின் சீற்றிலை வச்சனான்."

இருபத்தைந்து நிமிடம் அப்படிப் போனது. அதற்குள் இன்னொரு வெடி கேட்டது. இந்த முறை யாரும் விழவில்லை. எமில் கத்துவதை நிறுத்தவுமில்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே கத்தினேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் கத்த எதுவும் மிஞ்சாது, அதன்பிறகு என்ன செய்வோம் என்று நினைத்தேன்.

விழுந்து கிடந்த ஒரு பெரிய பைன் மரத்துக்குக் கீழே இருந்து, ஜீப்பில் இருந்து ஐம்பதடி இருக்கும், ஒரு குரல் வந்தது.

"பிளாஸ்க் என்னட்டைக் கிடக்கு."

மண்ணிற உருவமொன்று நாலு காலில் தவழ்ந்து வெளியே வந்தது. எமில் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். எனக்கு என்ன என்று புரியுமுன் அவர் நவத்துக்கும், வெடி கேட்ட வலப்பக்கத்து மேட்டுக்கும் நடுவில் போய், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார், மேலங்கி இல்லாமல். நின்றபடியே, இது மானில்லை, ஆள் என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

மேட்டில் இருந்து ஒரு வயதான வெள்ளைக்காரர் இறங்கி வந்தார். செம்மஞ்சள் சட்டை, செம்மஞ்சள் தொப்பி. துவக்கைக் கீழே பார்க்கப் பிடித்திருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. மரத்தடியில் கிடந்த கட்டை ஒன்றைத் தேடிப்போய் அதில் குந்திவிட்டார். பிறகுதான் சொன்னார். மரத்துக்குக் கீழே மண்ணிறமாக ஏதோ அசைவதைக் கனநேரமாகத் துவக்கின் குறிபார்க்கும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாராம். தலையைத் தூக்கட்டும் என்று காத்திருந்தாராம். பிறகு யாரோ சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டதாம். என்ன பாஷை என்று தெரியாது, ஆனால் ஆட்கள் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று துவக்கை இறக்கியிருக்கிறார். சிகரெட் பற்றவைக்க மூன்று தீக்குச்சி செலவழித்தார். மூன்றும் அணைந்தன. நான்காவதைப் பற்றவைத்துக் கொடுத்தது எமில்.

ஜீப்பை வெளியே எடுக்க இரண்டு மணித்தியாலம் சென்றது. பாதையைக் காலால் பார்த்தாகிவிட்டதால் எமில் ட்ரக்கைப் பின்பக்கமாகவே உள்ளே கொண்டுவந்தார். சேற்றில் மல்லாந்து படுத்து, ஜீப்பின் சட்டத்தில் கொக்கி மாட்டினார். இழுவைக் கேபிள் இறுகத் தொடங்கியதும் தன் தடித்த குளிர்ச்சட்டையைக் கழற்றி அதன் நடுவில் போட்டார். அறுந்தால் கேபிள் பாம்பு மாதிரி எழும்பி ஆளின் காலை வெட்டும், பாரம் கிடந்தால் கீழே விழும் என்றார். எங்களை எல்லாம் தூரத்தில் நிறுத்திவிட்டு, வெறும் சேட்டோடு, குளிரில், அவர் மட்டும் இழுவை இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். கேபிள் கிறீச்சிட்ட ஒவ்வொரு தடவையும் நவம் கண்ணை மூடினான். பிளாஸ்கை அவன் இன்னும் நெஞ்சோடு அணைத்துத்தான் பிடித்திருந்தான். என் மேலங்கி அவன் மேல் இருந்தது. கிழவர் நாங்கள் போகும்வரை பாதை நடுவில் காவல் நின்றார்.

திரும்பும் வழியில் ஒரு டோனட் கடையில் நிறுத்தினோம். பொடியன்கள் இருவரும் கைகழுவப் போயிருந்த நேரத்தில் எமில் சொன்னார்.

"ஊரிலை நான் ஒருக்கா ஒளிச்சிருந்தனான் ஐசே. கண்டல் பத்தைக்குள்ளை, கழுத்துவரை தண்ணி. என்ரை அண்ணன் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வந்தவர். தேடி வந்தவங்கள் அவரை முன்னாலை விட்டுக் கூப்பிட வைக்கிறாங்கள் எண்டு நினைச்சன். வெளியிலை வரேல்லை. அவர் கூப்பிட்டுக்கொண்டே அங்காலை போனார். தனியத்தான் போனார். பிறகு ஆரும் அவரைக் காணேல்லை."

நான் என் கோப்பியை அவர் பக்கம் தள்ளினேன்.

"உதை எழுதாதையும்" என்றார். "நான் இருக்குமட்டும் எழுதாதையும்."

எழுதவில்லை. இப்போது நவத்திடம் கேட்டேன், எழுதுங்கோ என்றான்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எனக்குத் துணிவு கூடவில்லை. வெடிச் சத்தம் கேட்டால் இன்றும் நான் விழுவேன். எமிலும் கடைசிவரை விழுந்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். செய்திக்காக நான் ஏறி இறங்கும் மாடிக் கட்டடங்களில், மூடிய கதவுகளுக்குப் பின்னால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கதவைத் தட்டுமுன் வெளியே நின்று தமிழில் எதையாவது பலமாகத் திட்டுவேன். உள்ளே இருப்பவர் என்னை எடைபோட நேரம் கொடுப்பேன்.

செவ்வாய் மத்தியானம் அஜின்கோர்ட்டில் எமிலின் வீட்டுக்குப் போனேன். ஒன்பதாம் மாடி. கதவு பூட்டியிருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நான் நடைபாதையில் நின்று, "உந்த லிப்ட் இண்டைக்கும் ஆறாம் மாடியோடை நிண்டு போச்சு. மனிசன் மூச்சு வாங்கிச் சாகிறதே? ஆர் உதைப் பாக்கிறது?" என்று ஏசினேன். அழாமல் சண்டை பிடியடா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிச்சத்தையும் ஏசி முடித்தேன்.

அவருடைய மனைவி ஜெசிந்தா, கதவு ஓட்டையால் எட்டிப் பார்க்காமலே திறந்தார்.

"அவரும் உப்பிடித்தான் ஏசிக்கொண்டு ஒவ்வொரு நாளும் வாறவர்" என்றார்.