குண்டு தீராத துப்பாக்கி

வங்கதேசப் போர் நடந்த அந்த டிசம்பரில், புதுச்சேரிக் கொட்டகைகளில் முகமூடிக் கதாநாயகனின் படங்களுக்குத்தான் கூட்டம். காலையில் ரேடியோவில் போர்ச் செய்தி. மாலையில் ஒற்றை ஆளாக ஒரு படையையே சாய்க்கும் முகமூடிக்காரன்.

என் பக்கத்தில் அடிக்கடி ஒரு சொல்தா வந்து உட்காருவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்; கூப்பிடும்போது மரியாதைக்கு, பிரெஞ்சு வழக்கப்படி, 'முசியே'. நிமிர்ந்த முதுகு, முறுக்கிய நரை மீசை, கசங்காத சட்டை. படத்துக்கு முன் போடும் நியூஸ் ரீலில் பீரங்கி தெரிந்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். "முடிஞ்சிடுச்சா தம்பி?" என்று கேட்டுத்தான் திறப்பார்.

முகமூடிக்காரன் வந்துவிட்டாலோ ஆளே மாறிவிடுவார். கொட்டகையிலேயே பெரிய விசில் அவருடையது.

எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒருநாள் இடைவேளையில் முறுக்கைக் கடித்தபடி கேட்டே விட்டேன்.

"என்ன முசியே, நீங்க நெஜச் சண்டையே பாத்தவரு. ஆறு குண்டு போடுற துப்பாக்கியில அவன் பாட்டுக்குச் சுட்டுக்கினே இருக்கான். நீங்களும் விசில் அடிக்கிறீங்களே?"

அவர் சிரித்தார். என் பொட்டலத்திலிருந்து ஒரு முறுக்கை உரிமையோடு எடுத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதா தம்பி? இந்தோசீனா சண்டையில எங்களுக்குக் குண்டு தீந்து போச்சி. இவனுக்காவது தீராம இருக்கட்டுமே!"

மணி அடித்தது. உள்ளே போனோம். முகமூடிக்காரன் ஏழாவது குண்டைச் சுட்டபோது கொட்டகை அதிர ஒரு விசில் கேட்டது. சொல்தா வியப்போடு திரும்பி என்னைப் பார்த்தார்.

விசில் என்னுடையது.