பாலத்தில் மட்டும் குளிர்

யூலியட் வாடகைக்கு ஓட்டுகிற வானில் ஏசி வேலை செய்யாது என்று சொன்னால் அது பொய். வேலை செய்யும் என்றால் அதுவும் பொய்தான். வேலணையில் இருந்து புங்குடுதீவுக்குப் போகிற கடல்பாலத்தில் ஏறிப் பாதித்தூரம் போனதும், முன்சீற்றுக்குக் கீழே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அடுத்த கணம் குளிர்காற்று வரும். பாலம் முடிந்து பனங்கூடலுக்குள் வான் இறங்கியதும் அது சூடாகிவிடும். திரும்பி வரும்போதும் அதே கதைதான்.

குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போகிற கனடாக்காரருக்கு இது பெரிய எரிச்சல். "தங்கச்சி, கடல்காத்து அடிக்கிற இடத்திலை ஏசி போட்டு, வெயிலுக்குள்ளை நிப்பாட்டுறீர். இதென்ன பகிடியே?" என்று கேட்பார்கள். யூலியட்டுக்கு ஒரு விளக்கம் தெரியும். ஆனால் அது கனடாக்காரருக்குச் சொல்லக்கூடிய விளக்கமா?

வான் அவளுடைய புருசன் கிளின்ரன் வாங்கியது. நாரந்தனையில் இரண்டு பேரும் ஒரே ஒழுங்கையில், எதிரெதிர் வீடுகளில் வளர்ந்து, சண்டைபிடித்து, பிறகு கட்டிக்கொண்டவர்கள். வானுக்கு ஓட்டம் இல்லாத நாள்களில் அவன் சிநேகிதன் ஒருவனின் வள்ளத்தை எடுத்துக்கொண்டு தனியே கடலுக்குப் போவான். மூன்று வருசத்துக்கு முன்னே, வாடைக்காற்று தொடங்கிய நேரம், அப்படித்தான் போனான். வள்ளம் மட்டும் பாலத்துக்குக் கீழே வந்து ஒதுங்கியது. வலை இருந்தது, சாப்பாட்டுப் பெட்டி கழுவாமல் இருந்தது. ஆள் இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

உடல் இல்லாமல் பூசை வைக்க அவன் தாய் நேசம்மா சம்மதிக்கவில்லை. "என்ரை பிள்ளை செத்தவன் எண்டு ஆர் கண்டது?" என்று சுவாமியாரையே திருப்பி அனுப்பிவிட்டா. யூலியட் தாலியும் கழற்றவில்லை, கறுப்பும் உடுக்கவில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அதற்காக வானின் திறப்பை எடுத்துக்கொண்டு ஓட்டத்துக்கு இறங்கினாள். பொம்பிளை வான் ஓடுகிறாள் என்று கொஞ்சநாள் கதைத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அவள் காது கொடுக்கவில்லை, அதுவாக ஓய்ந்தது.

அதற்குப் பிறகுதான் ஏசி இப்படிக் கூத்தாடத் தொடங்கியது. முதல்நாள் அவள் தனியே வந்தாள். சுட்டெரிக்கிற மத்தியானம். பாலத்தின் நடுவில், வள்ளம் ஒதுங்கிய அந்த இடத்தில், டிக். இடதுபக்கத்தில் இருந்து குளிர் வந்து அவள் கையைத் தடவியது. குளிரோடு சாதாளை மணமும் வந்தது. கடல் ஒதுக்கிப் போடுகிற அந்தப் பாசி காய்ந்தால் ஒரு மணம் வருமே, கடலால் வந்து நிற்கும்போது கிளின்ரன் உடுத்த சாரத்தில் இருக்கும் மணம். அவள் பயந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் நாலைந்து முறைக்குப் பிறகு பயம் போய், பாலம் எப்போது வரும் என்று பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

பாலத்தில் அவள் கதைப்பாள். கறிக்கு உப்புக் கூடினது, மாமியின் முழங்கால் வீங்கினது, ரயர் தேய்ந்தது என்று எல்லாவற்றையும் வெறும் சீற்றைப் பார்த்துச் சொல்வாள். அந்த இடதுபக்க முன்சீற்றில் ஒருவரையும் ஏற்றுவதில்லை. கேட்டால், "அது உடைஞ்ச சீற்று" என்பாள். சீற்றுக்கு ஒரு குறையும் இல்லை. மாமிக்கு விசயத்தைச் சொன்னபோது அவ ஆச்சரியப்படவில்லை. ஞாயிறுகளில் வந்து பின்னால் ஏறிக்கொண்டு, பாலம் வந்ததும் செபமாலையை இறுக்கிப் பிடிப்பா.

இப்படியே இருந்திருக்கும். சரவணமுத்து அண்ணையால்தான் கெட்டது, அல்லது நல்லது நடந்தது. எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம்.

அவர் புங்குடுதீவுக்காரர். சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணத்துக்குப் போய் இரத்தம் சுத்தப்படுத்த வேண்டும். யூலியட்டின் வான்தான் அவருக்குக் கால். "பிள்ளை, பின்னாலை ஏற எனக்கு ஏலாமக் கிடக்கு. முன்னுக்கு இருக்கட்டே?" என்று ஒருநாள் கேட்டார். அவள் வழக்கமான பொய்யைச் சொன்னாள். மனுசன் கம்பியைப் பிடித்துத் தொங்கித் தொங்கி ஏறினார். அன்று திரும்பி வரும்போது மண்கும்பானுக்குக் கிட்ட அந்தச் சூட்டில் அவர் சத்தமில்லாமல் சரிந்துவிட்டார். அவள் தண்ணீர் தெளித்து, மட்டையால் விசுக்கி, கண் திறக்கும்வரை அழுதாள். கண் திறந்தவர் சொன்ன முதல் கதை, "உம்மிலை பிழையில்லை பிள்ளை" என்பது. அதுதான் அவளைக் கொன்றது.

வீட்டுக்கு வந்தவள் சோறு தின்னவில்லை. "நாளைக்கு ஏசியைத் திருத்தப்போறன் மாமி" என்றாள்.

நேசம்மாவின் முகம் மாறியது. "திருத்தினா அவன் எப்பிடி வாறது? உனக்கு விசரே?"

"அந்த மனுசன் செத்தா ஆர் பதில் சொல்லுறது?"

மாமி எழுந்து குசினிக்குள் போய் விளக்கை அணைத்துவிட்டா.

அடுத்தநாள் உச்சிவெயிலில் வான் முற்றத்துப் பூவரசுக்குக் கீழே நின்றது. இந்த வகை வானுக்கு எஞ்சின் முன்சீற்றுக்கு அடியில் இருக்கும். அதைப் பார்க்கவேண்டுமென்றால் இடதுபக்கச் சீற்றைக் கிளப்பவேண்டும். யூலியட் சீற்றில் கை வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். "ஒருக்கா எழும்புங்கோ" என்று மெல்லச் சொல்லிவிட்டுத்தான் கொளுக்கியைக் கழற்றினாள்.

வேலை அவளுக்குப் புதிதல்ல. கிளின்ரன் வானுக்குக் கீழே படுத்திருந்த நாள்களில் ரோச் வெளிச்சம் பிடித்ததும் ஸ்பனர் எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். தீவுப்பகுதியில் எந்த ஏசி நின்றாலும் எல்லாரும் சொல்வது "காஸ் இல்லை" என்பது. அவளும் இரண்டு தரம் காஸ் பார்ப்பித்துவிட்டாள், அளவாகத்தான் இருந்தது. பியூஸ் சரி, பெல்ற் இறுக்கம். ஆகவே எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுவிட்டு, கொம்பிரசரின் வாயில் இருக்கும் வட்டத் தகட்டைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள். அந்தத் தகடு காந்தத்தோடு போய் ஒட்டினால்தான் கொம்பிரசர் சுற்றும், குளிர் வரும். ஒட்டும்போது வருவதுதான் அந்த 'டிக்'.

தொடக்கத்தில் ஒரு நிமிசம் ஒட்டியது. எஞ்சின் சூடேறியதும் விட்டுவிட்டது. பிறகு எத்தனை முறை ஏசிச் சுவிச்சைப் போட்டாலும் ஒட்டவில்லை.

அவள் கிணற்றில் இருந்து ஒரு பேணி தண்ணீர் கொண்டுவந்து, மெல்ல அந்தத் தகட்டில் ஊற்றினாள்.

டிக்.

துவாரத்தில் இருந்து குளிர் பாய்ந்தது. அதோடு சாதாளை மணமும் வந்தது. ஊற்றியது நல்ல தண்ணீர்க் கிணற்றுத் தண்ணீர், கடலோ ஒரு மைல் கட்டை தூரத்தில். வாசலில் நின்ற நேசம்மா, "வந்திட்டான்!" என்று நெஞ்சில் கை வைத்தா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அங்கே இருள் ஏது? பட்டப்பகல். யூலியட் பேணியை மோந்து பார்த்தாள்.

ஆனாலும் அவளுக்கு விளங்கிவிட்டது. தகடு தேய்ந்து, காந்தத்துக்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது. சூட்டில் காந்தத்தின் பிடி தளர, எட்டிப் பிடிக்க முடியவில்லை. பாலத்தில் கடல்காற்றும் தூவானமும் அடியால் வந்து குளிரவைக்க, திரும்பப் பிடிக்கிறது. அதை மாமிக்கு ஆறுதலாகச் சொன்னாள். "காத்துத்தான் மாமி. வேறை ஒண்டும் இல்லை."

"காத்திலைதானே பிள்ளை அவன் வாறான்" என்றா நேசம்மா.

யூலியட் எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, நடுவில் இருந்த நட்டைக் கழற்றித் தகட்டை இழுத்தெடுத்தாள். உள்ளே கடதாசி போல மெல்லிய வோசர்கள் அடுக்காக இருந்தன. அதில் ஒன்றை எடுத்துவிட்டால் தகடு கிட்டப் போகும், அவ்வளவுதான் வேலை. ஒன்றை நகத்தால் கிளப்பி எடுத்தாள். திரும்பப் பூட்டி, அடுப்புப்போலச் சூடேறும்வரை எஞ்சினை ஓடவிட்டாள். குளிர் நிற்கவேயில்லை. முற்றத்திலும் குளிர், ஒழுங்கையிலும் குளிர், சந்திவரை போய்வந்தபோதும் குளிர்.

மாமி வாசற்படியில் இருந்து அழுதா. "இனி அவன் எங்கை நிண்டு ஏறுவான்?"

அது யூலியட்டின் நெஞ்சிலும் தைத்தது. தானே கதவைச் சாத்தினதுபோல இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை சரவணமுத்து அண்ணையை ஏற்றப் புறப்பட்டாள். வேலணை தாண்டிப் பாலத்தில் ஏறினாள். இரண்டு பக்கமும் கடல் தட்டையாகக் கிடந்தது. வள்ளம் ஒதுங்கிய இடமும் வந்தது. டிக் கேட்கவில்லை, அது வீட்டிலேயே கேட்டாயிற்று. எல்லா இடமும் ஒரே குளிராய் இருக்க, அவன் வந்தானா வரவில்லையா என்று எப்படி அறிவது? அவள் வானை ஓரமாக நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்தினாள். ஒரு கொக்குக்கூட இல்லை. அலைச்சத்தமும் இல்லை.

எங்கள் பக்கத்தில் வெளிக்கிடுகிறவரைப் பார்த்து ஒருவரும் 'போங்கோ' என்று சொல்லமாட்டார்கள். போய்விட்டு வரச்சொல்லி, 'போட்டு வாங்கோ' என்றுதான் சொல்வார்கள். வெறும் 'போங்கோ' செத்தவீட்டுக் கதை. அந்த வாடைக்காற்று நாளிலும் அவள் குசினிக்குள் நின்று, திரும்பிப் பாராமலே, "போட்டு வாங்கோ" என்றுதான் சொன்னாள். வரச்சொன்னது அவள். சொன்ன சொல்லைத் தட்டாமல் மனுசன் மூன்று வருசமாக வந்துகொண்டிருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது. களைத்திருப்பான். அவளுக்கு அவன்மேல் அப்படியொரு இரக்கம் வந்தது.

இறங்கிச் சுற்றிப் போய் இடதுபக்கக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"அந்த அண்ணைக்குச் சீற்று வேணுமப்பா" என்றாள். "போங்கோ."

வாங்கோ என்கிற சொல் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். கொஞ்சநேரம் நின்றுவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஏசியைத் திரும்பப் போட்டுக்கொண்டு மிச்சப் பாலத்தையும் ஓடி முடித்தாள். அந்தத் தூரம் முழுக்க அவள் ஒன்றும் கதைக்கவில்லை.

சரவணமுத்து அண்ணை வீட்டுப் படலையில் காத்து நின்றார். முன்கதவைத் திறந்துவிட, அவர் நம்பமாட்டாமல் அவளைப் பார்த்தார்.

"சீற்றுத் திருத்தியாச்சு அண்ணை. ஏறுங்கோ."

ஏறி இருந்தவர் குளிரில் கண்ணை மூடி ஆறுதலாக மூச்சுவிட்டார். பிறகு கையால் சீற்றைத் தடவிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, வானெல்லாம் குளிர், சீற்று மட்டும் சுடுது. இப்பதான் ஆரோ எழும்பிப் போனமாதிரி."

யூலியட் வானைக் கியரில் போட்டாள்.

"ஓம் அண்ணை" என்றாள். "இப்பதான் இறங்கினவர்."